வளையமில்லாத புறா

கோட்லீப் ரொகல்லா லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. தபால்காரர் சிரித்தால், இவன் ஏன் இன்றைக்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பார். பக்கத்து வீட்டு ஆடு தன் வேலியோரம் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் அதற்கும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்பார். "இந்த மனுஷன் சொர்க்கத்துக்குப் போனாலும், வாசல்ல நிக்கிறவரப் பாத்து நீங்க யாரு, எதுக்கு இங்க நிக்கிறீங்கன்னு விசாரிப்பாரு" என்று அவர் மனைவி மின்னா தெருக்குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். கோட்லீப் அதைக் கேட்டாலும் கோபப்பட மாட்டார். யார் யார் கூடச் சேர்ந்து சிரித்தார்கள் என்பதைத்தான் பார்த்து வைத்துக்கொள்வார்.

கிழக்கே மசூரியா ஏரிகளுக்கு நடுவில் பிறந்தவர். மீசை அரும்பும் வயதில் மேற்கே எங்கள் ரூர் நதிப் பக்கம் வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். கரித்தூள் உள்ளே புகுந்து ஆறிப்போன காயங்கள் கையிலும் நெற்றியிலும் நீலக் கோடுகளாகக் கிடந்தன. எங்கள் சுரங்கத் தொழிலாளர் காலனியில் எல்லா ஆண்களுக்கும் அப்படித்தான். எல்லா ஆண்களுக்கும் வீட்டுப் பரணில் ஒரு புறாக்கூடும் உண்டு. வாரமெல்லாம் பூமிக்கு அடியில் கிடப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். நூறு மைலுக்கு அப்பால் ரயிலில் கொண்டுபோய்த் திறந்துவிட்ட பந்தயப் புறா எப்போது தன் கூரையில் வந்து இறங்கும் என்று கழுத்து வலிக்கக் காத்திருப்பார்கள். பாதிரியாரே அன்றைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கிவிடுவார். நீட்டினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் புறாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழி தவறி வேறொருவன் புறா உன் கூட்டில் வந்து இறங்கினால் தண்ணீர் வைக்க வேண்டும், தீனி போட வேண்டும், காயம் இருந்தால் மருந்து போட வேண்டும், களைப்பு தீர்ந்ததும் பறக்க விட வேண்டும். அது எதிரி ஊர்க்காரன் புறாவானாலும் சரி, உன்னைப் போன வாரம் பந்தயத்தில் தோற்கடித்த புறாவானாலும் சரி. பிடித்து வைத்துக்கொள்பவன் திருடன். கழுத்தைத் திருகிச் சூப் வைத்தவனோடு புறாக்காரர் சங்கத்தில் எவனும் உட்கார்ந்து பீர் குடிக்க மாட்டான். இது எங்கும் எழுதி வைக்கப்பட்ட சட்டமில்லை. ஆனால் எழுதி வைத்த எத்தனையோ சட்டங்கள் வந்து போன பிறகும் இது மட்டும் போகவில்லை.

முதல் போரில் கோட்லீப்பைப் பட்டாளம் அழைத்துக்கொண்டபோது, புறா வளர்த்தவன் என்பதால் துப்பாக்கியோடு கூடவே ஒரு புறா வண்டியையும் கொடுத்தார்கள். செய்தி கொண்டு போகும் புறாக்களை வைத்துக் குதிரைகள் இழுக்கும் கூண்டு வண்டி அது. பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ் சேற்றில் அந்த வண்டியை இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கோட்லீப். இன்னொருவர் அதே காலனி, அதே சுரங்கம், கார்ல் பியெட்ரெக். கார்ல் நேர்மாறான ஆள். எதற்கும் சிரிப்பார், எவனையும் நம்புவார். ஒரு நாள் விஷவாயு வந்தது. கார்ல் தன் முகமூடியைத் தேடாமல், ஈரக் கோட்டைப் புறாக்கூடைகள் மேல் போட்டு மூடிக்கொண்டிருந்தார். கோட்லீப்தான் அவர் முகத்தில் முகமூடியை மாட்டி, கழுத்தைப் பிடித்து மேட்டுக்கு இழுத்து வந்தார். அதற்குள் கொஞ்சம் வாயு உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து கார்ல் பேசும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவார், பிறகு விட்ட இடத்திலிருந்து கிண்டலைத் தொடர்வார்.

அந்தப் பெல்ஜியத்தில்தான் கோட்லீப் தன் புத்தியை மாற்றிக்கொண்டார் என்று மின்னா சொல்வாள். கைப்பற்றிய ஊர்களில் எவனும் புறா வைத்திருக்கக் கூடாது என்று நம் பட்டாளம் உத்தரவு போட்டது. செய்தி அனுப்பிவிடுவார்களாம். ஒரு நெசவாளி, தன் இரண்டு புறாக்களை ரொட்டி சுடும் அடுப்புக்குள் ஒளித்து வைத்திருந்தான். அவனைச் சுவரோரம் நிறுத்தியபோது வரிசையில் நின்ற சிப்பாய்களில் கோட்லீப்பும் ஒருவர். சுட்டது அவரில்லை, பார்த்ததோடு சரி. போர் முடிந்து சில வருஷத்தில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தோடு எங்கள் ரூருக்குள் வந்து உட்கார்ந்தான். அவன் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, எவனும் புறா பறக்க விடக் கூடாது. கோட்லீப் அன்றைக்கு மனைவியிடம் சொன்னாராம்: "சண்டைன்னு வந்துட்டா புறா புறா இல்ல மின்னா. அது சாட்சி. யாருக்கு எதிரா வேணா சாட்சி சொல்லும்."

அடுத்து வந்த ஒற்றைக் கட்சி ஆட்சி எல்லாவற்றையும் போலப் புறாவையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு குஞ்சுக்கும் பிறந்த முதல் வாரத்திலேயே காலில் எண் பொறித்த வளையம் மாட்ட வேண்டும். வாரம் தாண்டிவிட்டால் கால் தடித்துவிடும், பிறகு வளையம் ஏறாது. ஆகவே வளையமில்லாத பெரிய புறா என்றால், யாரோ வேண்டுமென்றே ஒளித்து வளர்த்தது என்று அர்த்தம். அல்லது வேறு நாட்டுப் புறா என்று அர்த்தம். காலனியில் வளையங்களைச் சரிபார்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டியிருந்தது. வாயைத் திறக்காதவர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் யார் என்று தேடிக் கோட்லீப்பைப் பிடித்தார்கள். கட்சி உறுப்பினராகாமலே பொறுப்பு கிடைத்ததில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஏன் தனக்குக் கொடுத்தார்கள் என்ற சந்தேகமும் இருந்தது.

இரண்டாவது போர் தொடங்கியதும் பட்டாளத்துக்குப் புறாக்கள் கேட்டார்கள். எந்தக் கூட்டிலிருந்து எது போக வேண்டும் என்று சொல்வது மேற்பார்வையாளர் வேலை. கோட்லீப் கார்லின் சேவல் புறாவைக் காட்டினார். சாம்பல் நிறம், முத்துப்போல வெளுத்த கண். பார்தொலொமேவ் என்று கார்ல் அதற்கு ஒரு புனிதர் பெயரே வைத்திருந்தார். காலனியிலேயே சிறந்த பறவை அதுதான், அதில் பொய்யில்லை. தன் கூட்டிலிருந்தும் நல்லதைத்தான் கொடுத்தார். சேவல் பிரான்சுக்குப் போனது, திரும்பவில்லை. கார்ல் கொஞ்ச காலம் பேசவில்லை. பிறகு ஒரு ஈஸ்டர் அன்று ஒரு குப்பி சாராயத்தோடு வந்து வாசலில் நின்று, "செத்தவனுக்காகக் குடிக்கணும்டா, தனியாக் குடிச்சா நல்லா இல்ல" என்றார். சமாதானமாகிவிட்டது. ஆனால் கார்ல் மன்னித்துவிட்டாரா, மன்னித்ததுபோல இருக்கிறாரா என்று கோட்லீப் மனசுக்குள் முடிவு கட்டாமலே வைத்திருந்தார்.

நாற்பத்து நான்காம் வருஷம், வசந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விமானங்கள் வந்து ரயில் நிலையத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயின. கோட்லீப் பதுங்கறையிலிருந்து வெளியே வந்து, தொப்பியைக்கூடச் சரி செய்யாமல் பரணுக்கு ஓடினார். தன் புறாக்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டியிருந்தன. எதிர் மூலையில், தீனித் தொட்டி ஓரமாக, முன்பின் தெரியாத ஒன்று உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். நெஞ்சில் பருந்து கிழித்த காயம். நிற்க முடியாமல் தள்ளாடியது. கை தன் வழக்கப்படி வேலை செய்தது. தண்ணீர் வைத்தார். கைப்பிடி பட்டாணி போட்டார். வாத்துக் கொழுப்பில் மூலிகை கலந்து வைத்திருந்த மருந்தைக் காயத்தில் தடவினார். கடைசியில், எவனுடையது என்று பார்ப்போமே என்று காலைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டு காலிலும் வளையம் இல்லை.

உத்தரவு என்ன என்று அவருக்கே தெரியும், சங்கப் பலகையில் அதை ஆணியடித்து மாட்டியதே அவர்தான். வெளிப்புறா எது வந்தாலும் அந்தக் கணமே போலீசுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரன் குட்டிப் பாராசூட்டில் கூண்டுகளைக் கட்டிப் புறாக்களைப் போடுகிறான், எடுப்பவன் சேதி எழுதி அனுப்புகிறான் என்று பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவன் இப்படி ஒரு பறவையை வைத்திருந்ததற்காக அழைத்துப் போகப்பட்டான். அவன் கூட்டை அரக்கு வைத்து மூடினார்கள். உள்ளே இருந்த புறாக்கள் தீனியில்லாமல் செத்தன. அவன் என்ன ஆனான் என்று கேட்கவும் ஆளில்லை. கோட்லீப்புக்குக் கண்முன் தன் கழுத்து தெரிந்தது. தன் புறாக்கள் தெரிந்தன. கிழக்குப் போர்முனையில் இருந்த மகன் எர்வின் தெரிந்தான். துரோகியின் மகனைப் பட்டாளத்தில் எந்த இடத்துக்கு அனுப்புவார்கள் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மின்னா பரணேறி வந்து பார்த்தாள். "இதுக்குப் போயி இடிஞ்சு உக்காந்திருக்கீங்க. கழுத்தத் திருகுங்க. டர்னிப் கெழங்கோட போட்டுக் கொதிக்க வச்சா எலும்பு வரைக்கும் மிச்சமில்லாம முடிஞ்சிரும்."

"வாய மூடுடி. வழி தவறி வந்த பறவ அது."

"அப்ப விட்டுருங்க. போயிடும்."

"நெஞ்சு கிழிஞ்சிருக்கு. இப்ப விட்டா அடுத்த தெரு தாண்டாது. விழுந்துச்சுன்னா, என் மருந்தோட விழும். அதுவும் போக..." என்று குரலைத் தாழ்த்தினார். "இது தானா வந்துச்சா, யாராச்சும் கொண்டாந்து விட்டாங்களான்னு தெரியல. யாராச்சும் விட்டிருந்தா, இப்ப எங்கேன்னு கேட்டு வருவான். அப்ப இல்லன்னா, எங்கடா அனுப்பினன்னு கேப்பான்."

"யாரு விட்டிருப்பா?"

கோட்லீப் மனசுக்குள் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஓவர்பெக் வந்தார். சுரங்கத்து விளக்கறையில் வேலை பார்ப்பவர், தெருவுக்குக் கட்சியின் கண்ணும் காதும். யார் வீட்டில் எந்த வானொலி பேசுகிறது என்று சுவரோரம் நின்று கேட்பவர். அவர் சோதனைக்காக விட்டிருக்கலாம். ஆனால் ஓவர்பெக்குக்குப் புறாவைக் கையில் பிடிக்கவே தெரியாது, கோழியைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். காலனிக் கூடு எதிலாவது இருந்து வந்திருக்குமா என்று நினைக்கவே இல்லை. எந்தக் கூட்டில் எந்தப் பறவை என்று காலனி முழுக்க அவருக்கு மனப்பாடம். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு குஞ்சு வளர்ந்திருக்கும் என்றால் அவர் மேற்பார்வையாளராக இருந்து என்ன பிரயோசனம்.

புறாவின் கண்ணைப் பார்த்தபோது ஏதோ நெருடியது. முத்துப்போல வெளுத்த கண். எங்கோ பார்த்த கண். பிறகு அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார். நம் ஊர் நல்ல புறாக்கள் எல்லாம் பெல்ஜியத்திலிருந்து வந்த வம்சம், இங்கிலாந்துக்காரன் வாங்கிப் போனதும் அதே பெல்ஜியத்து வம்சம்தான். தாத்தா ஒருவர் என்றால் கண் ஒன்றாகத்தானே இருக்கும். புறாக்காரனைத் தவிர வேறு எவனும் இப்படி யோசித்து ஏமாற முடியாது. தெருவில் போகிற ஒரு குழந்தையைக் கேட்டிருந்தால், இது கார்ல் தாத்தாவோட புறா மாதிரி இருக்கே என்று சொல்லியிருக்கும்.

மறுநாள் வேலை முடிந்து கார்ல் வீட்டுக்குப் போனார். கார்லுக்கு மனைவி இறந்து நாளாகிவிட்டது, தனி ஆள். கொல்லையில் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா அதிசயமா இருக்கு, வேல நாளும் அதுவுமா? மின்னா தொரத்திட்டாளா?" என்றார் கார்ல்.

"சும்மாத்தான். புல்லு அறுக்கலாம்னு இந்தப் பக்கம் வந்தேன்."

"அருவா எங்க? பல்லால அறுக்கப் போறியா?"

கோட்லீப் சிரிக்கவில்லை. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்ல் ஆட்டுக்கு இன்னொரு பிடி புல் போட்டார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்: "ஆமா, உன் கூட்டுப் பக்கம் புதுசா எதுவும் வந்துச்சா?"

கோட்லீப் கம்பத்தை விட்டு நிமிர்ந்தார். "புதுசான்னா?"

"இல்லடா, ஞாயித்துக்கிழம அந்தப் போடு போட்டானே. அந்தச் சத்தத்துல எவன் புறாவாச்சும் மெரண்டு வந்திருக்கும். சும்மா கேட்டேன்."

"இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவ போட்டான். அப்பல்லாம் கேக்கலியே?"

"அடப்பாவி, ஒரு கேள்வி கேக்க விட மாட்டேங்குறியே. வந்துச்சா, இல்லியா?"

"எதுவும் வரல."

கார்லின் முகம் விழுந்தது. கோட்லீப் அதைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பழகிய முகம், அதில் ஒரு ஏமாற்றம் வந்து உட்கார்ந்ததைத் தெளிவாகப் பார்த்தார். பொறி வைத்தவன் பொறி காலியாக இருக்கக் கண்டால் இப்படித்தான் முகம் விழும் என்று அவருக்குத் தோன்றியது.

"சரி, வந்ததுதான் வந்தேன், மேல போயி உன் பெட்டைங்களப் பாத்துட்டுப் போறேன்" என்று பரண் ஏணிப்பக்கம் நடந்தார். கார்ல் அவசரமாகக் குறுக்கே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டா. ரெண்டுக்குத் தொண்டையில புண்ணு. கால்ல ஒட்டிக்கிட்டு உன் கூட்டுக்கு வந்துரும். குணமாகட்டும், நானே கூப்புடுறேன்."

புறாக்காரன் சொல்லக்கூடிய நியாயமான காரணம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் கார்ல் அவரை ஏணியடியில் நிறுத்தியதே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் கோட்லீப் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். சேவலைக் கொடுத்ததற்குப் பழி. மேற்பார்வையாளர் பொறுப்பின் மேல் கண். எங்கிருந்தோ ஒரு இங்கிலாந்துப் புறாவைப் பிடித்து என் கூட்டில் விட்டிருக்கிறான். வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு ஓவர்பெக்கிடம் போகப் போகிறான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவருக்கு ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது, தான் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை என்று.

"கார்லா? நம்ம கார்லா?" என்றாள் மின்னா. "ஒங்களுக்குப் பித்துப் புடிச்சிருச்சு. நேரா அவர்கிட்ட போயி, இப்படி ஒரு பறவ வந்திருக்கு, என்ன பண்ணலாம்னு கேளுங்க. ஒரு வார்த்த கேட்டா என்ன கொறைஞ்சு போயிரும்?"

"கேட்டா, என்கிட்ட இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"யார்கிட்ட ஒத்துக்கிறீங்க? அவர் என்ன நீதிபதியா?"

கோட்லீப் தூங்கவில்லை. காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓவர்பெக் வீட்டுக்குப் போனார். கார்ல் முந்துவதற்குள் தான் முந்திவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம். ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தார். கார்ல் பெயரைச் சொல்லக் கூடாது. அவன் துரோகியாக இருக்கட்டும், நான் காட்டிக்கொடுப்பவனாக இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே அவருக்குத் தைரியம் கொடுத்தது.

ஓவர்பெக் தொலைபேசியில் சொல்ல, கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. தோல் கோட்டுப் போட்ட ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் இறங்கினார். பெயர் சொல்லவில்லை, கையும் கொடுக்கவில்லை. நேராகப் பரணுக்குப் போய்ப் புறாவைக் கொண்டுவரச் சொன்னார். கோட்லீப் அதைக் கொல்லைக்கு எடுத்து வந்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

"எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குக் காலையிலதான் சார். பாத்ததும் ஓடியாந்து சொல்லிட்டேன்."

தோல் கோட்டுக்காரர் குனிந்து புறாவின் நெஞ்சைப் பார்த்தார். ஒரு விரலால் இறகை ஒதுக்கினார். "காயம் காஞ்சு பக்கு கட்டியிருக்கு. மருந்து மேல மருந்து போட்டிருக்கு. இன்னைக்குக் காலையில வந்த பறவைக்கு முந்தாநாளே வைத்தியம் பாத்துட்டியா?"

ஓவர்பெக் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார், தொற்றுநோய்க்காரனிடமிருந்து தள்ளி நிற்பதுபோல.

"நான் சொல்றேன் கேளு" என்றார் தோல் கோட்டுக்காரர். "இது ஒன்னோட பறவ. குஞ்சா இருக்கும்போதே வளையம் போடாம ஒளிச்சு வளத்திருக்க. மேற்பார்வையாளரே நீதானே, யாரு கேக்கப் போறா? இப்ப யாரோ பாத்துட்டாங்க. அதனால நல்லவனாட்டம் நீயே ஓடி வந்திருக்க. சரியா?"

"இல்ல சார். சத்தியமா இது என்னோடது இல்ல."

"யாரோடது?"

கோட்லீப்பின் நாக்கு நுனியில் ஒரு பெயர் நின்றது. அதை விழுங்கினார். வாசலில் மின்னா நின்று, ஏப்ரன் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். கார் கதவு திறந்தே இருந்தது. அப்போதுதான், ஒரு புறாக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்த யோசனை அவருக்குத் தோன்றியது.

"சார், இதக் கேட்டாலே சொல்லிரும்" என்றார். "பறவைக்குத் தெம்பு வந்திருச்சு. இங்கயே விடுங்க. என்னோடதா இருந்தா சுத்திட்டு என் கூரையிலேயே எறங்கும். அப்ப என்னை வண்டியில ஏத்திக்குங்க. இங்கிலாந்துக்காரனோடதுன்னா மேக்குப் பக்கம் போயிரும், திரும்பிப் பாக்காது. புறா பொய் சொல்லாது சார்."

"சேதி கொண்டு போச்சுன்னா?"

"காலப் பாருங்க, றெக்கையப் பாருங்க. ஒண்ணும் கட்டல. வெறும் பறவ."

தோல் கோட்டுக்காரர் ஒவ்வொரு இறகாகப் பார்த்தார். பிறகு சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி சுவரில் சாய்ந்தார். "விடு, பாக்கலாம்."

கோட்லீப் கைகளை உயர்த்தித் திறந்தார். புறா படபடவென்று எழுந்து கூரைக்கு மேலே போனது. இரண்டு நாள் தன் பட்டாணியைத் தின்ற பறவை, பழக்கத்தில் இங்கேயே இறங்கிவிடுமோ என்று அவர் பயந்தார். போ, போ, உன் ஊருக்குப் போ என்று உதட்டுக்குள் சொன்னார். ஒரு வட்டம் போட்டது. சுரங்கக் கோபுரத்துச் சக்கரங்களுக்கு மேலே இன்னொரு வட்டம் போட்டது. அவர் கூரையை அது பார்க்கவே இல்லை. அப்பாடா என்று அவர் மூச்சு விட்டார்.

ஆனால் அது மேற்கே போகவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. இறக்கையை மடக்கிக்கொண்டு, மூன்றாவது தெருவின் கடைசிக் கூரையை நோக்கி, வழி தேடாமல், தயங்காமல், நேராக இறங்கியது. உடனே அங்கிருந்து தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்கும் சத்தம் கேட்டது. காணாமல் போன புறா திரும்பி வரும்போது கூட்டுக்குள் அழைக்க எங்கள் ஆட்கள் குலுக்குகிற சத்தம். கூடவே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்: "வா, வா, வா, என் ராசா, வந்துட்டியா, வா..."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அந்தக் கொல்லை வரைக்கும் கேட்டது. கோட்லீப்புக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்தது. வெளுத்த கண், ஏணி, விழுந்த முகம் எல்லாம். கார்ல் பொறி வைத்தவரில்லை, தொலைத்தவர். தொலைத்ததை வாய்விட்டுக் கேட்க முடியாமல் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். "அது யாரு வீடு?" என்று தோல் கோட்டுக்காரர் கேட்டார். கோட்லீப் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவும் இல்லை. ஓவர்பெக் சொன்னார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கார்ல் புறாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு பரண் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். தோல் கோட்டைப் பார்த்தார், ஓவர்பெக்கைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் தொப்பியில்லாமல் நின்ற கோட்லீப்பைப் பார்த்ததும்தான் அவர் முகம் பதறியது.

"ஒன்னையும் இழுத்துட்டு வந்துட்டாங்களாடா?" என்றார்.

கோட்லீப் கார்லின் கையிலிருந்த புறாவைப் பார்த்தார்.

கார்ல் தோல் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அய்யா, இவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பார்தொலொமேவ் வம்சத்துல கடைசி முட்ட இது. பட்டாளத்துக்கு இதையும் குடுத்துட்டா அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாதுன்னு நான்தான் ஒளிச்சு வளத்தேன். நேத்து இவன் வந்தான், மேல ஏற விடல. பாத்துட்டா இவன் ஒங்ககிட்ட சொல்லியாகணும், சொல்லலேன்னா இவன் கழுத்துக்கு ஆபத்து. அதனாலதான் சொல்லவே இல்ல. வேணா அவனையே கேட்டுப் பாருங்க, ஏணியில கால் வைக்க விட்டேனான்னு." மூச்சு வாங்கினார். "இவன விட்டுருங்க."

தோல் கோட்டுக்காரர் கோட்லீப்பைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இவன நாங்க புடிக்கவே இல்லையே. நீ போலாம்யா, ரொகல்லா. ஒன் வேல முடிஞ்சுது."

கார்ல் அதைத் தன் வாக்குமூலத்துக்குக் கிடைத்த பலன் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு நிம்மதியானது முகத்திலேயே தெரிந்தது. காரில் ஏறுமுன் புறாவை ஓவர்பெக் கையில் கொடுத்தார், எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் காட்டினார். பிறகு, "டேய் கூட்டாளி, மத்ததுங்களுக்கு மத்தியானம் தீனி போட்டுரு. நான் வர்ற வரைக்கும் பாத்துக்க" என்றார்.

கோட்லீப் தலையாட்டினார். நான்தான் இவர்களை அழைத்து வந்தேன் என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. காரின் கதவு மூடும் வரைக்கும் இருந்தது. சொல்லவில்லை.

கார்ல் திரும்பி வரவில்லை. எர்வினும் வரவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றப் புறாக்களுக்கு வளையம் இருந்ததால் கார்லின் கூட்டை அரக்கு வைத்து மூடவில்லை. கோட்லீப் போர் முடியும்வரை தினமும் மூன்று தெரு நடந்து கார்லின் புறாக்களுக்குத் தீனி போட்டார். தன் தட்டில் இருந்ததை எடுத்துப் போட்ட நாட்களும் உண்டு. குண்டு விழுகிறபோதும் போனார். என்ன நடந்தது என்று மின்னாவுக்கு மட்டும் தெரியும். கோட்லீப் செத்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

போருக்குப் பிறகு சங்கம் மறுபடி கூடிய அன்று, திரும்பி வராதவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். கார்ல் பியெட்ரெக் பெயர் வந்தபோது புதுத் தலைவர் கொஞ்சம் நிறுத்தினார். "இங்க ஒருத்தரப் பத்தியும் சொல்லணும்" என்றார். "அந்தக் காலத்துல அவனவன் கூட்டாளியக் கண்டா ரோட்டத் தாண்டி ஓடினான். இவரு ஒருத்தர்தான் பயப்படாம, கார்லோட கூட்டுக்குக் கடைசி வரைக்கும் தீனி போட்டாரு. கூட்டாளின்னா கோட்லீப் ரொகல்லா மாதிரி இருக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோட்லீப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தட்டி முடிக்கும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தார்.